முறை வண்டி

ஏன் தம்பி, ஏன் ஓரம் கட்டற? பாலம் வந்துட்டா என்ன? ஏறி இறங்கினா அரை மணி நேரத்துல வீடு. என்னது, வண்டி மாத்தணுமா? இதென்ன டவுன் பஸ்ஸா, இறங்கி வேற வண்டி ஏறறதுக்கு? பின்னாடி பொட்டியில இருக்கறது என் சம்சாரம் தம்பி.

சங்கத்து வழக்கமா? பாலத்துக்கு இந்தப் பக்கம் உங்க ஆம்புலன்ஸ் சங்கம், அந்தப் பக்கம் அடுத்த ஜில்லாக்காரன் சங்கம். உங்க வண்டி பொணத்தோட பாலம் தாண்டக் கூடாது. அவங்க முறை வண்டி இங்க வந்து பொட்டிய வாங்கிக்கும். அதுக்கு வாடகை தனி. அப்படித்தானே? நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. இதை ஆஸ்பத்திரி வாசல்லயே சொன்னா என்ன? சொன்னா நான் ஏற மாட்டேன்னுதானே?

எஞ்சினை ஏன் அணைக்கற? அணைச்சா பொட்டியில குளிர் நின்னுடுமே. டீசல் சங்கம் அளந்து ஊத்தறதா? நின்ன இடத்துல ஓடவிட்டா உன் சம்பளத்துல பிடிப்பாங்களா? சரி, கொஞ்ச நேரம் தாங்கும்ங்கற. கொஞ்ச நேரம்னா எவ்வளவு? வெயிலைப் பாத்தியா, ரோட்டைப் பாக்க முடியல, கண்ணு கூசுது.

கூப்பிட்டுக் கேளு அவங்களை, வண்டி எங்க வருதுன்னு.

வேற சவாரியில இருக்கா? அதை இறக்கிட்டு வரும். எப்ப இறக்குவான், எப்ப வருவான்? தெரியாது. உனக்கு ஒண்ணுமே தெரியாது. நல்ல டிரைவர்.

இரு, ஃபோன் அடிக்குது. ஹலோ... ஆங், மச்சான், வந்துட்டே இருக்கோம். பாலத்தாண்ட நிக்கறோம். சின்ன சிக்கல், ஒண்ணுமில்ல. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். தெரியும் மச்சான், நாளைக்குச் சனிக்கிழமைன்னு எனக்கும் தெரியும். பொண்ணு சாப்பிட்டாளா? சரி, வாசல்ல உக்கார வேண்டாம், உள்ள போகச் சொல்லுங்க.

கேட்டியா தம்பி? என் மச்சினர். அவர் வீட்டுக்குத்தான் போறோம், செண்பகம் பொறந்த வீடு. அந்த மண்ணுலதான் எரிக்கணும்னு சொல்லி வச்சிருந்தா. இன்னைக்கு வெள்ளி. சனிக்கிழமை எடுக்கறதுன்னா அவங்க வீட்டுல ஒரு ஆள் தோள் குடுக்க மாட்டான். ராத்திரி வச்சிருந்து ஞாயித்துக்கிழமைதான் எடுக்கணும்னா அது வரைக்கும் இவ எப்படி இருப்பா? இந்த வெயில்ல? அதான் பதறறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், பொழுதோட அவளைக் கொண்டுபோய்ச் சேத்துடணும்.

ஒரு கல்யாணத்துக்கு வந்தோம் தம்பி, நாங்க சென்னை. பந்தியில உக்காந்திருந்தா, சாஞ்சுட்டா. உங்க ஊர் ஆஸ்பத்திரியில சேத்தேன். இன்னைக்குக் காலையில போயிட்டா. மச்சினர் அவர் ஊர்லேர்ந்து தெரிஞ்ச பையனோட வண்டியை அனுப்பினார், நல்ல வண்டி, நியாயமான வாடகை. வாசல்லயே மடக்கிட்டானுங்க. வெளி வண்டி ஆளை உள்ள கொண்டுவரலாம், வெளிய கொண்டுபோகக் கூடாதாம். அது முறை வண்டிக்குத்தான். யாருக்கு முறையோ அவன்தான் எடுக்கணும், அவன் கேக்கறதுதான் வாடகை. உங்க சங்கத்து செகரட்டரி, நெத்தி நிறைய சந்தனம், சிரிச்சுக்கிட்டே சொல்றான்: "வேணும்னா தோள்ல தூக்கிட்டுப் போங்க சார், அதுக்குச் சங்கம் குறுக்க வராது." எங்கிட்ட! அழுகை வந்துச்சு தம்பி, பொய் சொல்லல. ஆத்திரத்துல வர்ற அழுகை.

டீயா? அந்தக் கடையிலயா? வேண்டாம், தீட்டு. நீ குடி. நீ குடிச்சுக்கோ.

ஏம்ப்பா, வயசு நாப்பது இருக்கும் உனக்கு, டீ கிளாஸை இடது கையால வாங்கற. குடுக்கறவ பொம்பளை, என்ன நினைப்பா? வண்டி சாவியைக்கூட இடது கையைக் குறுக்க விட்டுத் திருப்பற, பாத்துட்டுதான் வர்றேன். வீட்டுல சொல்லிக் குடுக்கலையா? சரி, சரி, முறைக்காத. மனசுல பட்டதைச் சொன்னேன்.

நான் யாருன்னு உங்க செகரட்டரிக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாற்காலி போட்டிருப்பான். சந்தைப் போட்டி வாரியம்னு கேள்விப்பட்டிருக்கியா? நீ எங்க கேள்விப்படப் போற. வியாபாரிங்க கூட்டுச் சேந்து விலை ஏத்தினா, புதுசா வர்றவனை உள்ள விடாம அடிச்சா, அவங்க மேல விசாரணை போடற ஆபீஸ். அதுல முதல் பார்வைப் பிரிவுக்கு நான்தான் தலை. ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்த நாற்காலி. எந்தப் புகாரா இருந்தாலும் முதல்ல என் மேஜைக்குத்தான் வரும். விசாரிக்கலாமா, மூடலாமான்னு நான் குறிப்பு எழுதுவேன். மேல இருக்கறவங்க அதுக்குக் கீழ கையெழுத்து போடுவாங்க. படிச்சுட்டுப் போடறாங்களான்னு கேக்காத.

வர்றதையெல்லாம் விசாரிக்க முடியுமா? சிமெண்ட் ஏஜென்ட் எழுதுவான். டியூஷன் சென்டர்காரன் எழுதுவான். ஒருத்தன், எதிர்த்த கடையில பரோட்டாவுக்கு ரெண்டு சால்னா குடுத்து என் ஆளுங்களை இழுக்கறான்னு எழுதியிருந்தான். சத்தியமா! எங்ககிட்ட விசாரணை பண்ற ஆளுங்க ஒரு கை விரலுக்குள்ள. ஒண்ணை எடுத்தா ரெண்டு வருஷம் இழுக்கும். அதனால வாசல்லயே சலிச்சுடணும். இது பொதுஜனத்துக்கு நஷ்டமா, இல்ல ரெண்டு வியாபாரி சண்டையா? சந்தை எவ்வளவு பெரிசு? ஆதாரம் காகிதத்துல இருக்கா, வாய்லதான் இருக்கா? போலீஸ்ல தீரக்கூடியதுன்னா அங்க போன்னுடுவேன். பத்து வந்தா ஒண்ணு தேறினா பெரிசு. கண்ணீரைப் பாத்து இளகறவன் அந்த நாற்காலிக்கு லாயக்கில்ல தம்பி. நான் மூடின ஃபைல் ஒண்ணுகூட அப்பீல்ல திறந்ததில்ல. பிரிவு உபசாரத்துல சேர்மனே மைக்குல சொன்னார்.

உங்க தொழில்லயேகூட ஒண்ணு வந்துச்சு. ஆமா, பொண வண்டிதான். எந்த ஊருன்னு ஞாபகமில்ல, ஏதோ ஜில்லா ஆஸ்பத்திரி. எழுதினவன் ஒரு தனி வண்டிக்காரன். பொண்டாட்டி நகையை வித்து வண்டி வாங்கியிருக்கான். பாதி வாடகைக்கு ஓட்டறேன், சங்கத்து ஆளுங்க வாசல்ல விட மாட்டேங்கறாங்க, டயரைக் கிழிக்கறாங்கன்னு எழுதியிருந்தான். ஒரு நாள் அவன் வண்டியில ஏத்தின பொணத்தையே இறக்கி, போர்ட்டிகோ தரையில போட்டுட்டு, அவங்க வண்டி வர்ற வரைக்கும் காவல் நின்னாங்களாம். ஒரு குழந்தையாம் அது. நீட்டி முழக்கி, காகிதத்துல ரெண்டு பக்கமும், மார்ஜின்லகூட எழுதியிருந்தான். கடைசியில, ஐயா, என் பேரை வெளிய விடாதீங்க, நான் இதே ஊர்லதான் குடியிருக்கேன்னு ஒரு வரி.

இப்ப நீயே சொல்லு. ஒருத்தன் மேல பழி சொல்லுவ, உன் பேரை மட்டும் மறைச்சுக்குவியா? எதிர்த்தரப்புக்கு யார் சொன்னான், என்ன சொன்னான்னு தெரிய வேண்டாமா? அதுதானே நியாயம்? எங்க ஆபீஸ் வழக்கம், புகாரோட நகல் எடுத்து, எதிர்த்தரப்பு கருத்துக்கு அனுப்பறது. அனுப்பினேன். பேர், விலாசம், வண்டி நம்பர், எல்லாத்தோடயும். நான் ஒருதலைப்பட்சமா எதையும் செஞ்சவனில்ல.

சங்கத்துலேர்ந்து பதில் வந்துச்சு பாரு, அது பதில்! வக்கீல் வச்சு, டைப் அடிச்சு, இணைப்பு வாரியா நம்பர் போட்டு. அநாதைப் பொணத்தை இலவசமா எடுக்கறோம்னு போட்டோ. ரத்த தான முகாம் போட்டோ. முறை வச்சு எடுக்கறதால வாசல்ல அடிதடி இல்லைன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்தே ஒரு சான்று. படிக்கவே மரியாதையா இருந்துச்சு. ஜில்லா எல்லையில வண்டி மாத்தறதைப் பத்தியும் அந்த ஆள் புகார் சொல்லியிருந்தான். ரெண்டு சங்கம் எல்லை பிரிச்சுக்கிட்டா திரும்பற வண்டி ரொம்ப தூரம் வெறுமையா ஓட வேண்டாம், டீசல் மிச்சம்னு நான் குறிப்புல எழுதினேன். அது காகிதத்துல சரிதான் தம்பி. இங்க நடத்தற விதம்தான் கேடுகெட்ட விதமா இருக்கு.

முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? வாடகை குடுத்தவங்க ஒருத்தர்கூட புகார் குடுக்கல. ஒரு குடும்பம்கூட! வருஷம் பூரா எத்தனை பொணம் போயிருக்கும் அந்த வாசல்லேர்ந்து? யாருக்காவது குறை இருந்தா ஒரு போஸ்ட்கார்டு போட மாட்டாங்களா? குறை இல்லைன்னுதானே அர்த்தம்? ராத்திரி சாப்பிடும்போது இதைச் செண்பகத்துகிட்ட சொன்னேன், பெருமையா. ரசம் ஊத்திக்கிட்டிருந்தவ கரண்டியை அப்படியே வச்சுட்டா. "ஏங்க, செத்த வீட்டுக்காரங்க பொணத்தை வச்சுக்கிட்டா உங்க ஆபீசுக்கு எழுதுவாங்க? எரிச்சுட்டு வந்து அழுவாங்களா, வாடகை ஜாஸ்தின்னு மனு போடுவாங்களா?"ன்னா. நான் சிரிச்சுட்டேன். உனக்குச் சட்டம் தெரியாது, அப்பளம் போடுன்னேன். ரெண்டு நாள் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. பொம்பளைங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு அழுகை வேணும்.

அப்புறம் அந்த ஆளே, புகாரை வாபஸ் வாங்கறேன்னு எழுதிட்டான். கோழி கிண்டின மாதிரி எழுத்து. கையெழுத்தைப் பழசோட ஒத்துப் பாத்தேன், ஒத்துப்போகல. திருப்பி அனுப்பிட்டேன். முறையா கையெழுத்துப் போட்டு அனுப்பவும்னு. திரும்பவும் அதே கோணல். கூடவே ஒரு சீட்டு: வலது கை விரலுங்க மடங்காது ஐயா, கதவுல வச்சு நசுக்கிட்டாங்க, இடது கையாலதான் போட முடியும்னு. அதுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் இணைக்கலையேன்னு இன்னொரு கடிதம் போட்டேன். விதின்னா விதி. அதை இணைச்சு அனுப்பினான். மூடினேன்.

ஏன் என் பக்கமே பாக்க மாட்டேங்கற? கேக்கறியா இல்லையா? கேக்கறேன்னா சரி.

அந்த மூடல் உத்தரவு என் வாசகம் தம்பி, ஒரு எழுத்து மாத்தாம மேல ஏத்துக்கிட்டாங்க. "மனுதாரரே புகாரைத் திரும்பப் பெற்றுள்ளதாலும், பாதிக்கப்பட்ட நுகர்வோர் எவரும் முன்வராததாலும், விசாரணைக்கு முகாந்திரம் இல்லை. தனிநபரின் வருத்தம்..." தனிநபரின் வருத்தம், அது என்னமோ... வாய்ல நிக்குது...

ஆங், "சந்தையின் பாதிப்பு ஆகாது." அதேதான்! அட, கரெக்டா சொல்றியே! எங்க படிச்ச? பேப்பர்ல வந்துச்சா? வந்திருக்கும், நல்ல வாசகம்னா நாலு பேர் எடுத்துப் போடுவாங்க. பாத்தியா, எங்கயோ ஆம்புலன்ஸ் ஓட்டறவன் வரைக்கும் போய்ச் சேந்திருக்கு.

மறுபடியும் ஃபோன். ஹலோ, சொல்லும்மா. அழாதம்மா. வந்துட்டேன், அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டேன். மாமா என்ன சொல்றார்? கட்டையெல்லாம் அடுக்கியாச்சா... சரிம்மா, சரி, பொழுது இருக்கு இன்னும்.

தம்பி, வெயில் சாய ஆரம்பிச்சாச்சு. அவனை இன்னொரு தரம் கூப்பிடு. எடுக்கலையா? திரும்பக் கூப்பிடு! நீ கூப்பிடலைன்னா நம்பரைக் குடு, நான் கூப்பிடறேன்.

இதை நான் விடப் போறதில்ல. காரியம் முடியட்டும், முதல் வேலையா வாரியத்துக்கு எழுதறேன். இல்ல இல்ல, அந்தப் பழைய புகார் வேற, இது வேற. அது ஒரு வண்டிக்காரன் வயித்தெரிச்சல். இது பொதுஜனம் பாதிக்கப்படறது. நான்தானே பொதுஜனம்? எப்படி எழுதினா மூட முடியாதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒண்ணே ஒண்ணுதான் குறை. தனி ஆள் புகார்னா எடுபடாது, உள்ளேர்ந்து ஒரு ஆள் சொல்லணும். நீ சொல்லு தம்பி. முறை எப்படி, வாடகையை யார் முடிவு பண்றது, இந்தப் பாலத்துக் கதை, எல்லாம் ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பயப்படாத. உன் பேரை வெளிய விட மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. அங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க.

எதுக்குச் சிரிக்கற? சிரிக்கற விஷயமா இது? என் சம்சாரம் பின்னாடி கிடக்கா, இவன் சிரிக்கறான். உன் பேர் என்ன? சொல்லு, பேரைச் சொல்லு.

சூசைமாணிக்கமா?

எந்தச் சூசை... கையைக் காட்டு. வலது கையைக் காட்டுப்பா.

ம்.

சரி. சரி, துண்டால மூடிக்கோ. போதும்.

அப்போ காலையிலயே உனக்குத் தெரியுமா? ரசீதுல கனகசபாபதின்னு, உனக்கு வந்த கடிதத்துல இருந்த என் பேரைப் பாத்ததுமேவா? இவ்வளவு தூரம் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம ஓட்டிட்டு வந்திருக்க. என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கிட்டு வந்திருக்க. உன் வண்டி என்னாச்சு? இதுவேவா? சங்கம் எடுத்துக்கிட்டு, உன்னையே சம்பளத்துக்குப் போட்டிருக்காங்களா. பரவாயில்லையே, வேலை குடுத்திருக்காங்களே. எத்தனை சங்கம் அப்படிச் செய்யும்?

பாருப்பா, அந்த உத்தரவுல தப்பு இல்ல. இப்பவும் சொல்றேன். என் முன்னாடி இருந்த காகிதத்தை வச்சுத்தான் நான் பாக்க முடியும். உனக்குக் கை போனது வருத்தம்தான், அது போலீஸ் விவகாரம், வாரியத்துக்கு அதுல அதிகாரமே கிடையாது. உன் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. உனக்கும் என் மேல இருக்கக் கூடாது. சொந்தப் பகையா என்ன?

அதெல்லாம் அப்புறம் பேசலாம். வண்டியை எடு. இந்தப் பாலத்தைத் தாண்டிடு, அவ்வளவுதான். யார் பாக்கப் போறாங்க? ரோட்டுல ஈ காக்கா இல்ல. அரை மணி நேரம் போக, அரை மணி நேரம் வர. பாத்தா அந்தப் பக்கத்துக்காரன் உன் இன்னொரு கையையும்... இல்ல, அப்படி எல்லாம் நடக்காது. நான் சொல்றேன். நான் எழுதித் தர்றேன், என் பொறுப்புன்னு.

எடுங்க. சூசைமாணிக்கம், எடுங்க வண்டியை. கேக்கறேன்ல. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், வயசுல பெரியவன். எனக்காக வேண்டாம், அவளுக்காக எடுங்க. அவ உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே.

என்ன? என்ன கேட்டீங்க? சரியா காதுல விழல.

"அம்மா ஏதாவது புகார் சொன்னாங்களா"ன்னா கேக்கறீங்க?

இல்ல. இல்லையே. அவ எதுக்குப் புகார் சொல்லப் போறா. அவ ஒண்ணும் சொல்லல.

எஞ்சினை மட்டுமாவது போட்டு விடுங்க சார். டீசல் காசு நான் தர்றேன். பின்னாடி போய்ப் பொட்டியைத் தொட்டுப் பாத்தேன், சுடுது.